சத்தம் தேடிய ஸ்பேனர்

ரேஸ் சைக்கிள் ஒன்று ஓடும்போதெல்லாம் எங்கிருந்தோ 'டிக், டிக்' என்று சத்தம் வந்தது. நிறுத்தினால் சத்தமும் நின்றுவிடும்.

சீட்டுக்கடியில் தொங்கிய பையிலிருந்து ஸ்பேனர் இறங்கியது. "யாருன்னு இன்னைக்குப் பாத்துடுறேன்," என்றது.

முதலில் பெடலைப் பிடித்தது. "நான் இல்லண்ணே, கிரீஸ் போட்டு ரெண்டு நாள்கூட ஆகல," என்று பெடல் கெஞ்சியது. ஸ்பேனர் காதில் வாங்கவில்லை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுப் பெடலை மாட்டிச் சுற்றிப் பார்த்தது. சத்தமில்லை. திருப்தியாகப் பைக்குள் ஏறிப் படுத்தது.

வண்டி சாலையில் இறங்கியதும் மறுபடி டிக், டிக்.

அடுத்து செயின் போனது. பிறகு பின்சக்கரம். ஒவ்வொரு தடவையும் ஸ்பேனர் வெளியே நின்று சோதித்தால் அமைதி. பைக்குள் ஏறி வண்டி கிளம்பினால் சத்தம். மிச்சமிருந்தவை ஒன்றையொன்று சந்தேகமாகப் பார்த்துக்கொண்டன.

"சீட்டண்ணே, பை உங்களுக்குக் கீழதானே தொங்குது. நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா?" என்று பிரேக் மெதுவாகக் கேட்டது.

"தெரியும்," என்றது சீட்டு. "ஆனா என் போல்ட்டும் அவன் கையிலதானே இருக்கு."

சாலையில் ஒரு பள்ளம் வந்தது. பைக்குள் ஸ்பேனர் உருண்டு, பஞ்சர் டப்பாவில் போய் இடித்தது. டிக்.

"கேட்டுச்சா?" என்றது ஸ்பேனர். "இந்தத் தடவை பிரேக்குதான்."