அம்பாரத்து வெளிச்சம்

2019 டிசம்பர் 12. தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளப் பாத்திகளில் மழைத்தண்ணீர் நின்றது. ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்தது.

தேர்தலில் நிற்கும் ராஜகனி, நோட்டீஸ் படத்துக்காக வெயிலைப் பார்த்து நின்றாள்.

அப்படி நிற்கச் சொன்னது அவள் புருஷன் சுயம்பு. முகத்தில் வெயில் விழுந்தால்தான் படம் பளிச்சென்று வரும் என்பது அவர் வாதம். கல்யாணத்துக்கும் அப்படித்தான் நிறுத்தினார்கள். பிள்ளைக்குக் காது குத்தியபோதும் அப்படித்தான்.

கண்கள் தாமாகச் சுருங்கின. உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்து அவை சுருங்கியே பழகியவை.

படம் பிடிக்க வந்த ஜெபசிங் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. குவித்து மூடியிருந்த உப்பு அம்பாரத்தைச் சுற்றி வந்தான். குனிந்து அவள் காலடியைப் பார்த்தான். சிந்திய உப்பு தரையெல்லாம் மின்னிக்கொண்டிருந்தது.

“படம் பிடிக்க வந்தானா, அம்பாரத்த வெல பேச வந்தானாட்டீ?” என்றாள் கூட வந்திருந்த பேச்சித்தாய்.

ராஜகனிக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்பும் அவள் தேர்தலில் நின்றாள். அப்போது நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவர் படத்தில் அவளை வெளுக்க வைத்தார். கன்னத்தில் வெயில் போட்டிருந்த மங்கு காணாமல் போனது. மூக்கு கூரானது. கண்கள் பெரிதாயின. எல்லாம் அவள் கேட்காமலே, பிரியத்தில் செய்தது.

அந்த ஊராட்சியில் பல சிற்றூர்கள். எல்லாவற்றிலிருந்தும் பெண்கள் உப்பளத்துக்கு வருகிறார்கள். ஒருத்தி முகம் இன்னொருத்திக்குத் தெரியும். பெயர் தெரியாது. குடிதண்ணீர்த் தொட்டி காய்ந்தபோது உப்பளக் கணக்கப்பிள்ளையை வழிமறித்துச் சண்டை போட்டவள் என்றால் ராஜகனியை அத்தனை பேருக்கும் தெரியும்.

நோட்டீஸில் இருந்தவளை யாருக்கும் தெரியவில்லை.

தோற்றாள்.

சாதி பலமும் இல்லை, கைப்பணமும் இல்லை. எல்லாரும் பார்த்துப் பழகிய முகம் ஒன்றுதான் அவளிடம் இருந்தது.

ஜெபசிங் அம்பாரத்தின் ஒரு பாதியை மூடியிருந்த கறுப்புத் தார்ப்பாயை உருவினான்.

சுயம்பு பதறினார். “தம்பி, மழ வந்தா உப்பு கரைஞ்சிரும். கணக்கப்பிள்ள வந்தா நாம கரைஞ்சிருவோம்.”

“மூடிக் குடுத்துட்டுத்தான் போவேன் அண்ணாச்சி.”

உருவியதை அவள் காலடியில் விரித்தான். தரையின் மினுக்கம் அடங்கியது. கையால் ஜாடை காட்டி அவளைத் திருப்பினான். வெயிலுக்கு முதுகு. திறந்த உப்பு ஒரு பக்கம்.

“மூஞ்சி இருட்டுல்லா அடிக்கும்?” என்றார் சுயம்பு.

அடிக்கவில்லை.

வெயில் அவள் தலைமுடியின் ஓரத்தோடு நின்றுகொண்டது. உப்பில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் பக்கவாட்டில் வந்து கன்னத்தில் படிந்தது. சுடாத வெளிச்சம். நெற்றியின் கோடுகளை அது மறைக்கவில்லை. பெரிதாக்கிக் காட்டவும் இல்லை.

அம்பாரத்தின் மூடிய பாதிக்கு முன்னால் போய் அவன் நின்றான்.

“அக்கா, என்னையப் பாக்க வேண்டாம். எனக்குப் பின்னால கறுப்பா இருக்குல்லா, அதப் பாருங்க.”

பார்த்தாள்.

கண்கள் மெல்லத் திறந்தன. நடு வெளியில், பகலில், சுருங்காமல் ஒன்றைப் பார்ப்பது அவளுக்கே புதிதாக இருந்தது.

“தலைவரம்மா, தண்ணி வண்டி எங்கட்டீ?” என்று பேச்சித்தாய் சீண்டினாள்.

ராஜகனி பதில் கொடுக்க வாயெடுத்தாள். புருவம் ஏறியது. தாடை முன்னால் வந்தது.

அந்த இடத்தில் அவன் எடுத்தான்.

ஒன்றுதான் எடுத்தான்.

கொட்டகைக்குள் லேப்டாப்பைத் திறந்தான். படத்தில் நிழல் விழுந்த கன்னத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினான். கொசு கடித்த தடிப்பை எடுத்தான். புருவத்தில் ஒட்டியிருந்த உப்புத் துணுக்கை எடுத்தான். அதோடு நிறுத்திக்கொண்டான்.

“அவ்வளவுதானா?” சுயம்புவுக்கு மனசு ஆறவில்லை. “அந்த மங்கு மட்டுமாவது…”

“தடிப்பு நாளைக்கு அமுங்கிரும் அண்ணாச்சி. மங்கு வீடு வீடா ஓட்டுக் கேட்டு அக்கா கூடவே வரும்லா.”

அவன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

அவள் மங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்கும் ஆசைதான். யாருக்கு இருக்காது. அந்தப் பழைய நோட்டீஸில் ஒன்றை அவள் இன்னும் பீரோவில் வைத்திருந்தாள். தோற்ற நோட்டீஸ்தான். ஆனாலும் அழகான முகம்.

வரப்பு கட்ட வந்திருந்த ஒரு பெண் தண்ணீர் குடிக்கக் கொட்டகைக்குள் நுழைந்தாள். வேறு ஊர்க்காரி. செம்பைச் சாய்த்தவள் திரையைப் பார்த்து நிறுத்தினாள். ராஜகனியைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“கணக்கப்பிள்ளைய வழிமறிச்ச அக்காவுல்லா! நீங்களா தலைவருக்கு நிக்குதீய?”

“ஆமா.”

“போன தடவையே நின்னிருக்கலாம்லாக்கா.”

சுயம்பு பாத்திகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ராஜகனி வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள்.

“இருக்கட்டும் தம்பி,” என்றாள். “அப்படியே அடிங்க.”

ஜெபசிங் தார்ப்பாயை எடுத்துப் போய் அம்பாரத்தை மூடினான்.

ஜனவரி 2 அன்று வாக்குகளை எண்ணினார்கள். ராஜகனி வெற்றி பெற்றாள்.