மடிப்புக்குள் மழை

ஐப்பசி மழையில் நனைந்த கறுப்புக் குடை ஒன்று, ஈரத்தோடு மடங்கி வாசல் மூலையில் சாய்ந்திருந்தது. மழை விட்டு நாலு நாளாகியும் அது விரிய மறுத்தது. கம்பிகளில் துரு ஏறத் தொடங்கிவிட்டது.

"நல்ல வெயில்ணே. கொஞ்சம் விரிஞ்சு காயுங்க," என்றது பக்கத்தில் கிடந்த ரப்பர் செருப்பு.

"வெயிலாவது ஒண்ணாவது. நான் வெளிய போனப்பல்லாம் மழைதான். இப்பவும் பெய்யுது."

"இப்படியே இருந்தா துரு தின்னுடும்ணே."

"நம்பலேன்னா நீயே பாரு," என்று குடை பாதி விரிந்தது. மடிப்பிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. "பாத்தியா?"

"நான் நனையலையேண்ணே," என்றது செருப்பு.

குடை சுற்றிலும் பார்த்தது. வாசல் முழுக்கக் காய்ந்து கிடந்தது. தன் காலடியில் மட்டும் ஈரம்.

பிறகு மீதிப் பாதியும் விரிந்தது.