ஸ்வெட்டரின் எடை

ஐந்து வயதில் பதினாலு கிலோ தேறாத பிள்ளையை எடை மிஷின் காட்டிக்கொடுத்துவிடும். அரசு விடுதி வண்டி அள்ளிக்கொண்டு போய்விடும். போன பிள்ளை எதுவும் பெற்றவனிடம் திரும்பியதில்லை. சடையாண்டிக்கு அந்த மிஷின்மேல் துளி நம்பிக்கை கிடையாது. மகள் செங்கனியின் ஸ்வெட்டர் ஓரத்தில் ஈயக்கட்டிகளை வைத்துத் தைத்து, அங்கன்வாடிக்குக் கூட்டிவந்தான்.

மிஷின் பதினாலரை காட்டியது.

“இறங்கு தாயி, வெரசா.”

“இருப்பா! அரிசியை நிறுத்தா டப்பா எடையைக் கழிக்கணும். டீச்சர் நேத்துதான் சொல்லிக்குடுத்தாங்க. உனக்கு ஒண்ணுமே தெரியல.”

செங்கனி ஸ்வெட்டரைக் கழற்றி அவனிடம் நீட்டினாள்.

பதிமூன்று.

வாசலில் நின்ற வண்டியின் கதவு தானாகத் திறந்தது.

“சரியாச் செஞ்சேனா டீச்சர்?”

டீச்சர் தலை குனிந்துகொண்டாள். மீதி ஒன்றரைக் கிலோ சடையாண்டியின் கையில் இருந்தது.