மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு

மைக்கை நீட்டியபோதுதான் அவள் அவனைப் பார்த்தாள்.

தம்பி.

அவள் ஊரையும் உறவையும் உதறிவிட்டு வந்து இருபத்துநாலு வருடம். அவனுக்கு மீசை வந்திருந்தது, தொப்பை வந்திருந்தது. சிரிப்பு மட்டும் அதே அசட்டுச் சிரிப்பு. பக்கத்தில் மனைவி. நடுவில் ரெட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண்.

புதிதாக வந்தவர்கள் எழுந்து நிற்கவும் என்று குருவானவர் சொன்னார். நின்றுவிட்டார்கள், பாவம்.

அவள்தான் வரவேற்புக் குழுத் தலைவி. பெயர் கேட்டு, ஒரு ரோஜாவும் ஒரு வசன அட்டையும் கொடுக்க வேண்டும். சபை கைதட்டும். ஞாயிறுதோறும் இதே வேலை.

இன்றைக்கென்று பார்த்து வந்திருக்கிறான்.

பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் அவள் மகளின் கல்யாணத்துக்கு மூன்றாம் ஓலையை, கடைசி அறிவிப்பை, வாசித்தார்கள். தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று கேட்டு, யாரும் வாய் திறக்காமல், அப்பாடா என்று அவள் மூச்சு விட்டிருந்தாள். வியாழக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை சபைச் செயலரின் மகன். பெண்ணுக்குத் தாய்மாமன் இல்லை. அம்மா அநாதை, மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவள். சபைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உண்மை தெரிந்த ஒரே ஆள் கணவர். அவரும் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது.

தம்பியின் உதடு பிரிந்தது. அக்கா என்று வரப்போகிறது.

"உங்க பேரு?"

முந்திக்கொண்டாள்.

அந்த 'உங்க'வைக் கேட்டதும் அவன் சிரிப்பு நின்றது. புரிந்துகொண்டான்.

"ஜோதிநாயகம். ரயில்வேல மாத்தலாகி வந்திருக்கோம்."



இத்தோடு விட்டிருக்கலாம். அவன் காட்டிக்கொடுக்க மாட்டான். அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

ஆனால் அடுத்த ஞாயிறும் வருவானே. அதற்கடுத்த ஞாயிறும் வருவானே. போதாததற்கு அந்தப் பிள்ளைக்கு அச்சு அசல் இவளுடைய மூக்கு.

"சொந்த சபை எது?"

அந்தக் கேள்வியை இங்கே மைக்கில் கேட்பதில்லை. தெற்கேயிருந்து வந்து தாம்பரம் பக்கம் குடியேறியவர்கள் கட்டிய சபை இது. சபைப் பெயரைச் சொன்னால் போதும், எந்தத் தெரு, என்ன சாதி என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதையும் ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது, சிரித்துக்கொண்டே, காதோரமாகத்தான் கேட்பார்கள். அவ்வளவு நாகரிகமானவர்கள்.

அவன் அவளையே பார்த்தான்.

பிறகு மைக்கை நோக்கிக் குனிந்தான்.

"நொச்சிவிளை காலனி சபை."

ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

கைதட்டினார்கள். முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர். அதே பெஞ்சில் இருந்த ஓர் அம்மாள் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

குழந்தை ரோஜாவுக்குக் கை நீட்டியது. கொடுத்தாள்.  பாவி, அதையாவது செய்தாளே.

டீ நேரத்தில் அவர்களிடம் ஒருவரும் போகவில்லை. வேப்பமரத்தடியில் மூன்று பேரும் தனியாக நின்றார்கள்.

செயலரின் மனைவி கிறிஸ்டபெல், இன்னும் நாலு நாளில் சம்பந்தி ஆகப்போகிறவள், அவளை உரசிக்கொண்டு வந்து நின்றாள்.

"நல்லாக் கேட்டீங்க மைனி. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டாவ. அடுத்த வாரத்துலேருந்து எல்லாரையும் மைக்குலயே கேட்டிருவோம், என்ன?"

அவள் தலையாட்டினாள். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. வெட்கமே இல்லாமல் இறங்கியது.

கிறிஸ்டபெல் டீயை ஊதினாள்.

"ஆமா, நீங்க வந்தப்பம் நாங்க யாருமே ஒண்ணும் கேக்கலியே! ஒங்க வீட்டு அண்ணனோட சபை மட்டுந்தான் தெரியும். போர்டிங்ல சேக்கணும்னா ஞானஸ்நானச் சீட்டு கேப்பாவல்லா? ஒங்களுக்கு எந்த சபைல குடுத்தாவ, மைனி?"

சும்மாதான் கேட்டாள். பேச்சுக்குப் பேச்சு.

மரத்தடியில் தம்பி மகளுக்கு டீயை ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஏதாவது ஒரு சபையின் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

தெரிந்த ஊரெல்லாம் மறந்துபோய்விட்டது. வாயில் ஒன்றே ஒன்றுதான் நின்றது.