மாடியில் ஓடற சத்தம்

"உங்க வீட்டுக்காரர் நடக்கறாரா இல்லையாம்மா? சர்க்கரை கொஞ்சமும் குறையலையே" என்று டாக்டர் கேட்டதிலிருந்து ஜோதியம்மாளுக்கு மனசே சரியில்லை.

பலராமனுக்காகத்தான் ட்ரெட்மில் வாங்கி மாடி ரூமில் போட்டிருந்தார்கள். தினமும் காலையில் மேலே போவார். மிஷின் சத்தம் கேட்கும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இறங்கி வருவார்.

"நடந்தீங்களா?"

"ம்."

அந்த 'ம்'மில்தான் அவளுக்குச் சந்தேகம்.

இன்று காலை மேலேயிருந்து தடதடவென்று ஓடுகிற சத்தம்.

சமையலறையில் இருந்த ஜோதியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மெதுவா நடக்கட்டும். ஓடவே கூடாது, ஹார்ட் தாங்காது" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சர்க்கரை குறையவில்லையே என்று நேற்று நான் திட்டினதுக்கு வீம்புக்கு ஓடுகிறாரோ?

அடுப்பை அணைத்துவிட்டு மூச்சிரைக்க மாடி ஏறினாள்.

ரூமுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் பலராமன்.

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அப்ப உள்ள ஓடறது யாரு?"

அவர் பேப்பரை மடித்தார். ஜோதியம்மாள் கதவைத் தள்ளினாள்.

துணி காயப்போடப் போகிறேன் என்று மேலே வந்த மருமகள் அறிவுமதி, வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தாள். மாமியாரைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டு துப்பட்டாவைத் தேடினாள்.

"அவளை ஒண்ணும் சொல்லாத ஜோதி" என்று பின்னாலேயே வந்தார் பலராமன். "போலீஸ் பரீட்சையில பாஸ் பண்ணிட்டா. அடுத்து ஓடிக் காட்டணும். கிரவுண்டுக்குப் போறேன்னு கேட்டப்ப, ஊர் என்ன பேசும்னு நீ விடல. துணி காயப்போடற நேரம்தான் அவளுக்குக் கிடைக்குது. அதான் என் நேரத்தை விட்டுக் கொடுத்தேன். இன்னிக்குத்தான் வேகத்தைக் கூட்டினா."

"நான்தான் மாமாவைக் கேட்டேன் அத்தை" என்றாள் அறிவுமதி.

ஜோதியம்மாள் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"சாயங்காலம் தேரடி வீதிக் கடைக்குப் போயி நல்ல ஷூவா ஒண்ணு வாங்கிக்கலாம்."

அறிவுமதி நிமிர்ந்து பார்த்தாள். பலராமன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

அவர் பக்கம் திரும்பினாள் ஜோதியம்மாள்.

"நீங்க என்ன நிக்கறீங்க? செருப்பை மாட்டுங்க, நானும் வர்றேன். மிஷின்ல அவ ஓடட்டும். நாம நடக்கத்தான் மலையைச் சுத்தி கிரிவலப் பாதை இருக்கே."