முடிவுக் கோட்டடியில்

சுகிர்தனுக்கு ஒரு கிழமையாகக் கால் தரையில் பாவவில்லை. மலைநாட்டில் நடக்கும் பெரிய மோட்டார் பந்தய விழாவை வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்க்கப் போகிறான். ஒட்டுசுட்டானில் வாடகை வான் வண்டி பேசி, தனக்கும் மனைவிக்கும் இரண்டு சீட்டும் பிடித்துவிட்டான்.

“கௌசலா, ஸ்வெற்றர் எடுத்து வையும். அங்க குளிர் எலும்புக்குள்ள போகும். மோட்டச் சைக்கிளுகள் பனை உயரத்துக்குப் பாயும். பயந்து கண்ணைப் பொத்தக்கூடாது, சரியோ?”

பால் கான்களைக் கழுவிக்கொண்டிருந்த கௌசலா சிரித்தாள். “எனக்கு வானில சீட் வேண்டாமப்பா. உங்களோட இருந்து பார்க்கவும் மாட்டன்.”

அவன் முகம் காற்றுப் போன ரயர்போல் ஆனது. “நீர் பக்கத்தில இல்லாமல் எனக்கென்ன பந்தயம்? நான் என்ன பிழை விட்டனான்?”

“ஒண்டுமில்லை. அங்க எவடத்தில நிப்பீங்கள்?”

“முடிவுக் கோட்டடியில.”

“அப்ப அங்கயே நில்லுங்கோ.”

வாசலில் ஒரு பிக்கப் வந்து நின்றது. சாரதி எட்டிப் பார்த்தான். “அக்கா, சைக்கிளை ஏத்துவமோ?”

நாள்தோறும் காட்டோர வயல் வரம்பால் பால் கொண்டுபோகும் தன் மோட்டார் சைக்கிளைக் கௌசலா கொட்டிலுக்குள்ளிருந்து உருட்டி வந்தாள். கான் கொழுவும் கம்பிகளைக் காணோம். முன்னால் ‘பெண்கள் போட்டி – 27’ என்று ஒட்டியிருந்தது.

“எடியே! விழுந்தால்?”

“காட்டு யானை பின்னால கலைச்சுக்கொண்டு வரேக்கையே ஒரு சொட்டுப் பால் சிந்தாமல் வந்தனான். நீங்கள் கோட்டடியில நில்லுங்கோ, நான் அங்கதான் வருவன். பயந்து கண்ணை மட்டும் பொத்தக்கூடாது, சரியோ?”