பாகோலோடில் மூன்று அம்புகள்

ஷுன்யா கனேமாரு எறிகோட்டில் வந்து நின்றதும் அரங்கமே எழுந்து அவனை ஏச ஆரம்பித்தது.

பிலிப்பைன்ஸின் பாகோலோட் நகரத்தில், ஆசிய டார்ட்ஸ் அம்பெறி சாம்பியன்ஷிப்பின் இறுதி ஆட்டம். அதிலும் கடைசிச் சுற்று. அவனுக்கு மீதி முப்பத்திரண்டு புள்ளி. முடிக்கிற அம்பு வெளி விளிம்பில்தான் குத்த வேண்டும், அங்கே எண் இரட்டிப்பு. பதினாறாம் எண்ணின் வெளி விளிம்பில், விரலகலம்கூட இல்லாத பச்சைக் கட்டத்தில், ஓர் அம்பு குத்தி நின்றால் போதும். கோப்பை அவனுக்கு. லண்டனில் நடக்கும் உலகப் போட்டியில் ஓர் இடமும் அவனுக்கு.

கையில் மூன்று அம்புகள் இருந்தன.

மூன்றும் தவறினால் எதிராளி ரெனான்ட்டேயின் முறை. அவனுக்கும் ஒரே கட்டம்தான் பாக்கி. பின்னால் நின்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். பாகோலோடிலேயே பிறந்து வளர்ந்தவன். கூட்டம் முழுக்க அவனுடையது.

"அடேய் ஜப்பான்காரா, எறியப் போறியா, இல்ல நின்னுக்கிட்டே தூங்கப் போறியா?"

முன்வரிசையில் இருந்த நெனிட்டாவின் குரல் அது. சந்தையில் மீன் விற்கிறவள். அவள் வாய் திறந்தால் ஒலிபெருக்கி தேவையில்லை.

"கையப் பாரு, முருங்கைக் குச்சி மாதிரி! உங்கம்மா உனக்குச் சோறே போடலியாடா?"

அரங்கம் அதிரச் சிரித்தது. நடுவர் கையைத் தூக்கி அமைதி கேட்டார். யாரும் கொடுக்கவில்லை.

மேடையோரத்தில் மொழிபெயர்ப்பாளராக நின்ற ஜோவிலினுக்கு முகம் சிவந்துவிட்டது. இடைவேளையின்போதே, எல்லாரும் என்ன கத்துகிறார்கள் என்று ஷுன்யா கேட்காமலேயே, "உங்களுக்கு நல்லது நடக்கணும்னு வேண்டிக்கிறாங்க" என்று ஜப்பானிய மொழியில் சொல்லி வைத்திருந்தாள். அவன் தலை தாழ்த்தி நன்றி சொல்லியிருந்தான்.

இப்போது அவன் கண்கள் பாதி மூடியிருந்தன.

விளக்குகள் மெல்லக் கரைந்தன. பலகை, தண்ணீரில் தெரியும் நிலவைப்போல் அசைந்தது. வெளியே கோழி சுடுகிற புகை, எலுமிச்சைப் புல்லின் மணத்தோடு கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து அவனைச் சுற்றி நின்றது. ஏச்சுகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், வெகு தொலைவிலிருந்து மிதந்து வந்து அவன்மேல் படிந்தன.

அந்த ஊரின் இலோங்கோ மொழியில் திட்டினால் அப்படித்தான். சொல்லில் காரம் இருக்கும், ராகம் மட்டும் இழுத்து இழுத்துத் தாலாட்டும்.

முதல் அம்பு கம்பிக்கு வெளியே போய்க் குத்தியது.

கூட்டம் துள்ளியது. "கண்ணு தெரியலன்னா வீட்டுக்குப் போடா ராசா!"

அவன் உதட்டில் லேசான சிரிப்பு. திமிர் என்றான் முன்வரிசையில் ஒருவன். பயம் என்றாள் நெனிட்டா.

இரண்டாவது அம்புக்கு அவன் இன்னும் நேரம் எடுத்துக்கொண்டான். கையை உயர்த்தினான், இறக்கினான், மறுபடி உயர்த்தினான். அது கட்டத்துக்கு உள்பக்கமாக இறங்கி வெறும் பதினாறை மட்டும் எடுத்தது. மீதி பதினாறு. இனி எட்டின் விளிம்பில் இருக்கும் சிவப்புக் கட்டம்.

இப்போது எல்லாருமே கத்தினார்கள். சோம்பேறி என்றார்கள், குரங்குமூஞ்சி என்றார்கள், பொழுது விடிஞ்சிடும்டா என்றார்கள். ரெனான்ட்டே தன் அம்புகளைக் கையில் எடுத்துக்கொண்டான்.

ஷுன்யா கண்களை முழுசாகவே மூடினான். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. பிறகு, எழுந்திருக்க மனமில்லாதவன் விடிகாலையில் போர்வையை விலக்குவதுபோல், கண்ணைத் திறந்து கையை விட்டான்.

சிவப்பின் நட்டநடுவில் அம்பு நின்றது.

சட்டென்று எல்லாச் சத்தமும் அறுந்தது. அந்த அமைதியில் அவன் முகம் வாடியதை ஜோவிலின் மட்டும் பார்த்தாள்.

ரெனான்ட்டே வந்து அவனைக் கட்டிப்பிடித்தான். நல்லவன். கண் கலங்கியிருந்தாலும் கைதட்டச் சொல்லிக் கூட்டத்துக்கு அவனே சைகை காட்டினான். கூட்டமும் தட்டியது, கடனே என்று.

ஒலிவாங்கியை நீட்டி, எப்படி உணர்கிறீர்கள் என்று அறிவிப்பாளர் கேட்டார். ஜோவிலின் அதை ஜப்பானிய மொழிக்கு மாற்ற வாயெடுத்தாள்.

ஷுன்யா அதற்குள் முன்வரிசைப் பக்கம் திரும்பியிருந்தான்.

"அக்கா," என்றான், சுத்தமான இலோங்கோவில், பாகோலோடுக்குத் தெற்கே கடற்கரைக் கிராமங்களில் பேசுகிற இழுவையோடு. "ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் கொஞ்சம் திட்டுங்களேன்."

ஜோவிலின் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜப்பானில், கோபே நகரத்துச் சின்ன அடுக்குமாடி வீட்டில் சுவரெல்லாம் அம்பால் ஓட்டை போட்டதற்கு அம்மா அவனை இந்த மொழியில்தான் திட்டித் தீர்த்தாள். போன வருஷம் மழைக்காலத்தில் அவள் கண்ணை மூடிய பிறகு, இந்த ஊருக்கு வரும்வரை அவன் காதில் இந்த மொழியில் ஒரு சொல் விழுந்ததில்லை.

நெனிட்டா எழுந்தாள். இந்த முறை குரல் தணிந்து வந்தது. அவளுக்கே அது புதிது.

"நீ யாரு வீட்டுப் புள்ளடா?"

"மரிலூ மகன். ஹினிகாரன் ஊர் மரிலூ."

அந்தப் பெயரில் அவளுக்கு யாரையும் தெரியாது. ஆனாலும் இடுப்பில் கைவைத்து, மேடையை நோக்கி நடந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"அறிவிருக்காடா உனக்கு? இத்தன வருஷமா ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்க உனக்கு நேரமில்லியா? சாப்டியா இல்லியா? மூஞ்சியப் பாரு, எப்படி வத்திப் போயிருக்குன்னு..."

ஷுன்யா தலை குனிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கோப்பையை யாரோ எடுத்து வந்து நீட்டினார்கள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை.